இலங்கையில் மலேரியா: 1963இல் 17 பேர், 1969இல் 5 லட்சம் பேர், 2016இல் மலேரியா அற்ற நாடு

கேள்வி இது: இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் பெற்றது. ஆனால் 1963லேயே நாடு முழுக்க 17 நோயாளிகள்தான் இருந்தார்கள் என்று படித்தேன். அன்றைக்கே முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு மேலும் 50 வருடம் ஏன் பிடித்தது? டி.டி.டி. என்ற பூச்சிமருந்தைத் தடை செய்ததால்தான் நோய் திரும்பி வந்ததா? இரண்டாம் முறை எதை மாற்றிச் செய்தார்கள்?

தடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1963இல் நுளம்பை அடக்கியிருந்தார்கள். ஆனால் மிஞ்சியிருந்த சில நோயாளிகளைத் தேடிப் பிடித்துக் குணமாக்கும் வேலை அதே வேகத்தில் நடக்கவில்லை. 1999க்குப் பிறகு நடந்ததில் முதன்மையான மாற்றம் அந்த வேலைதான். மற்ற மருந்துகளும் வலைகளும் அதற்குத் துணை நின்றன. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நுளம்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முக்கிய நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிஃபேசிஸ். 1920களில் எச். எஃப். காட்டர் என்ற பூச்சியியலாளர் இதை அடையாளம் கண்டார். இது சாக்கடையில் பெருகாது. வெயில் படும், தெளிந்த, ஓட்டமில்லாத நீர்தான் இதற்கு வேண்டும். ஆற்றுப் படுகையில் மணலுக்கும் பாறைக்கும் இடையே தேங்கும் குட்டைகள், கைவிடப்பட்ட மாணிக்கக்கல் குழிகள், கல் உடைத்த பள்ளங்கள், செங்கல்லுக்கு மண் எடுத்த கிடங்குகள் எல்லாம் இதன் இடங்கள். மனிதரைவிட மாட்டைத்தான் அதிகம் கடிக்கும். ஆனாலும் இரவில் வீட்டுக்குள் வந்து கடித்துவிட்டு, வயிறு நிறைந்த பாரத்தில் சுவரில் போய் உட்காரும். நோயாளியிடம் உறிஞ்சிய கிருமி அதன் உடலில் வளர்ந்து அடுத்தவருக்குத் தொற்றும் நிலைக்கு வர, நம் நாட்டு வெப்பநிலையில் ஏறத்தாழ 10 நாள் ஆகும். அந்த 10 நாளுக்குள் நுளம்பைச் சாகடித்துவிட்டால் சங்கிலி அறும். சுவருக்கு மருந்தடிப்பதன் தர்க்கம் முழுவதும் இதுதான்.

இதனால் இலங்கையில் மழை பெய்தால் அல்ல, மழை பொய்த்தால்தான் பெரிய கொள்ளைநோய் வந்தது. ஈரவலயத்து ஆறுகள் நன்றாக ஓடும் வருடத்தில் வெள்ளம் நுளம்பின் குடம்பிகளை, அதாவது நீரில் வளரும் புழுக்களை, அடித்துக்கொண்டு போய்விடும். 1934இல் தென்மேற்குப் பருவமழை தவறியது. களனி கங்கை, மா ஓயா, தெதுறு ஓயா எல்லாம் குட்டை குட்டையாகக் கிடந்தன. ஒக்டோபரில் தொடங்கிய காய்ச்சல் அடுத்த வருடம் ஏப்ரல் வரை நீடித்து சுமார் 80,000 பேரைக் கொன்றது. நாட்டின் அன்றைய சனத்தொகையே ஏறத்தாழ 55 லட்சம்தான். மிக மோசமாக அடிபட்டவை கேகாலை, குருநாகல் பகுதிகள். வன்னி, அநுராதபுரம் போன்ற உலர்வலயத்தில் மலேரியா எப்போதும் இருந்ததால், அங்கே குழந்தைப் பருவத்தைத் தாண்டியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. கேகாலைக்காரர்களுக்கு அது இல்லை. அதோடு உலகப் பொருளாதார மந்தத்தால் இறப்பர், தேங்காய் விலை விழுந்திருந்தது, வறட்சியில் நெல்லும் போய்விட்டது. கொயினா மருந்து கொடுத்தும் பிழைக்காமல் போனவர்களில் பலர் பசியால் ஏற்கெனவே உருக்குலைந்திருந்தார்கள். ஆங்கில ஆட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சி 1935 டிசம்பரில் பிறந்ததும், 1936 தேர்தலில் அதன் தலைவர்களில் ஒருவரான என். எம். பெரேரா ருவன்வெல்லவில் வென்றதும் இந்தப் பின்னணியில்தான். கிராமப்புற மருந்தகங்கள் பெருகியதற்கும் அந்தக் கொள்ளைநோய் ஒரு காரணம்.

டி.டி.டி. 1946இல் நாடளாவிய அளவில் வந்தது. அந்த ஒரு வருடத்தில் பதிவான நோயாளிகள் ஏறத்தாழ 28 லட்சம். ஆயிரம் பேருக்கு 20.3 ஆக இருந்த மரண வீதம் 1947இல் 14.3 ஆக இறங்கியது. இதில் எவ்வளவு டி.டி.டி.யால், எவ்வளவு உணவுப் பங்கீட்டாலும் வைத்தியசாலைகளாலும் என்று சனத்தொகை ஆய்வாளர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். முழுப் புகழையும் ஒரு தூளுக்குக் கொடுப்பது சரியில்லை என்பதே என் கருத்தும். ஆனால் உலர்வலயத்தில் குடியேற்றத் திட்டங்கள் பெரிதாக விரிய முடிந்ததற்கு அந்தத் தூள் வழிவிட்டது என்பதை மறுக்க முடியாது.

மருந்தடிக்கும் வேலையைப் பலரும் ஏதோ புகை போடுவது மாதிரி நினைக்கிறார்கள். அது அளவு பார்த்துச் செய்யும் வேலை. 75 சதவீத டி.டி.டி. தூளைத் தண்ணீரில் கரைத்து, சுவரின் சதுர மீட்டருக்கு 1 முதல் 2 கிராம் மருந்து படியும்படி அடிக்க வேண்டும். 2 கிராம் கணக்கென்றால் 10 லீட்டர் தண்ணீருக்கு சுமார் 670 கிராம் தூள். சதுர மீட்டருக்கு 40 மில்லிலீட்டர் போனால் ஒரு பம்பு 250 சதுர மீட்டருக்கு வரும். பம்பின் முனை சுவரிலிருந்து 45 சென்ரிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மேலிருந்து கீழாக 75 சென்ரிமீட்டர் அகலப் பட்டை, அடுத்த பட்டை அதன்மேல் 5 சென்ரிமீட்டர் ஏற வேண்டும். கை வேகமாகப் போனால் மருந்து போதாது, மெதுவாகப் போனால் சுவரில் வழிந்து வீணாகும். தூள் அடியில் படியாமலிருக்கப் பம்பை இடையிடையே குலுக்க வேண்டும். முனை தேய்ந்தால் துவாரம் பெரிதாகி, கணக்கு முழுவதும் பிழையாகிவிடும். இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும், வீட்டுக்காரர் அடுத்த வாரம் சாணியும் மண்ணும் கரைத்துச் சுவரை மெழுகினால் மருந்து அடியில் புதைந்துபோகும். மண்சுவர் மருந்தைத் தானாகவே உள்ளிழுத்துக்கொள்ளும் குணமும் உள்ளது. காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்கிறவர் அதற்குள் போட்டிருக்கும் கொட்டிலுக்குச் சுவரே இருக்காது. மருந்தடிப்புத் திட்டங்கள் எப்போதும் ஓட்டை விழுந்தது இந்த மூன்று இடங்களில்.

உலக சுகாதார நிறுவனம் 1955இல் உலகளாவிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தை அறிவித்தது. இலங்கை 1958இல் அதற்கு மாறியது. திட்டம் கட்டம் கட்டமானது: முதலில் எல்லா வீட்டுக்கும் மருந்தடி, நோய் வெகுவாகக் குறைந்ததும் மருந்தடியை நிறுத்து, அதன்பின் மிச்சமுள்ள நோயாளிகளைக் கண்காணித்துத் துடை. 1963இல் 17 நோயாளிகள், அதிலும் 11 பேர் வெளிநாட்டிலிருந்து நோயோடு வந்தவர்கள். திட்டத்தின் விதிப்படி 1964இல் மருந்தடிப்பை விலக்கினார்கள். விதியளவில் அது தவறில்லை. பிழையாகப் போனது மூன்றாவது கட்டம்.

கண்காணிப்பு என்றால் காய்ச்சலென்று வருகிற ஒவ்வொருவரிடமும் இரத்தம் எடுக்க வேண்டும். சில நாளுக்குள் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நோய் உறுதியானால் வீட்டுக்குப் போய்ச் சுற்றத்தாரையும் சோதிக்க வேண்டும். நோயே கண்ணில் படாத நாட்டில் இந்த வேலை சீக்கிரம் சலித்துப்போகும். இரத்தம் பூசிய ஆயிரம் கண்ணாடித் தகட்டில் ஒன்றுகூடக் கிருமி காட்டாதபோது பார்ப்பவர் கண் சோரும், தகடுகள் தேங்கும், அடுத்த வருட நிதி வேறு வேலைக்குப் போகும். காய்ச்சலுக்கு ஒரே ஒரு வேளைக்குக் குளோரோகுயின் மாத்திரை கொடுத்து அனுப்புவதும் வழக்கமாக இருந்தது. காய்ச்சல் இறங்கிவிடும், ஆனால் இலங்கையின் மலேரியாவில் பெரும்பகுதியான பிளாஸ்மோடியம் விவாக்ஸ் என்ற கிருமி ஈரலில் பதுங்கியிருந்து வாரங்களோ மாதங்களோ கழித்துத் திரும்ப எழும்பும். குளோரோகுயின் ஈரலில் இருப்பதைத் தொடாது.

இந்த நிலையில் 1967இல் மழை தவறியது. ஆறுகள் மறுபடி குட்டைகளாயின. மாணிக்கக்கல் தோண்டவும் சேனை வெட்டவும் ஆட்கள் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். தோண்டிய குழிகள் நுளம்புக்கு இடம் கொடுத்தன, அவர்கள் இரத்தம் கிருமிக்கு இடம் கொடுத்தது. 1968இல் லட்சக்கணக்கில் நோயாளிகள். 1969இல் 5 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல். மருந்தடிக்கும் அணிகளைக் கலைத்துவிட்டதால் திரும்பக் கட்டியெழுப்பவே காலம் பிடித்தது. டி.டி.டி.யை மறுபடி அடித்தபோது, நுளம்பு அதற்கு எதிர்ப்பைப் பெற்றிருப்பது 1969இல் தெரியவந்தது.

ஆகவே, 'சுற்றுச்சூழல்காரர்கள் டி.டி.டி.யைத் தடை செய்தார்கள், இலங்கையில் லட்சக்கணக்கானோருக்கு மலேரியா வந்தது' என்று இணையத்தில் திரும்பத் திரும்பச் சுற்றும் கதையைத் தேதி வைத்துப் பார்த்தாலே போதும். இலங்கை மருந்தடிப்பை நிறுத்தியது 1964இல், வெற்றி கிடைத்துவிட்டது என்ற கணக்கில். அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது 1972இல். கொள்ளைநோய் வந்ததும் இலங்கை டி.டி.டி.யைத்தான் மறுபடி எடுத்தது. கடைசியில் அதைக் கைவிட்டது அது வேலை செய்யாமல் போனதால். 1970களின் நடுவில் மலத்தியன் என்ற இன்னொரு பூச்சிமருந்துக்கு மாறினார்கள். இந்தக் கதையால் வரும் தீங்கு பெரிது. காரணத்தைத் தவறான இடத்தில் காட்டி, கண்காணிப்பு தளர்ந்த பாடத்தை மறைத்துவிடுகிறது.

மலத்தியன் நுளம்பைக் கொன்றது. ஆனால் விலை அதிகம், நாற்றம் அதிகம், சுவரில் 2, 3 மாதம்தான் நிற்கும். டி.டி.டி. 6 மாதம் நின்றது. வருடத்துக்கு இரண்டு முறை போன வீட்டுக்கு நான்கு முறை போக வேண்டும், நான்கு முறையும் சட்டி பானையெல்லாம் வெளியே எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். மக்கள் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள். இதற்கிடையில் துரித மகாவலித் திட்டம் என்ற பாசனக் குடியேற்றத் திட்டம் லட்சக்கணக்கானோரை ஈரவலயத்திலிருந்து உலர்வலயத்துக்கு, அரைகுறைக் கொட்டில்களுக்கும் புது வாய்க்கால்களுக்கும் நடுவில் கொண்டுபோய் இறக்கியது. அவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. 1984இல் மலேரியாவின் இன்னொரு, மேலும் கொடிய கிருமியான ஃபால்சிபாரத்தில் குளோரோகுயினுக்கு அடங்காத வகை முதன்முதலாகப் பதிவானது. 1987இல் நோயாளிகள் 6 லட்சத்தைத் தாண்டினார்கள். டி.டி.டி.யின் பொற்காலம் முடிந்து 20 வருடமாகியும் இலங்கை 1969இலிருந்து அதிகம் நகரவில்லை.

1990களில் மாறியது என்ன என்று கேட்டால், எல்லா வீட்டுக்கும் ஒரே மருந்து என்ற யோசனையைக் கைவிட்டார்கள். நோய் இருக்கும் இடத்துக்கு மட்டும் மருந்தடிப்பது, பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு வேறு வேறு வகை மருந்து ஒதுக்குவது, சில காலத்துக்கொருமுறை மாற்றுவது. பைரித்ராயிட் வகை மருந்துகள் வந்தன. ஒரே மருந்தை நாடு முழுக்க வருடக்கணக்கில் அடித்தால் எதிர்ப்பு வரும் என்பதை டி.டி.டி. கற்றுக் கொடுத்திருந்தது.

நீரிலும் வேலை நடந்தது, இது வெளியே அதிகம் பேசப்படாத பகுதி. அநுராதபுரம் மாவட்டத்தில் ஹுருலுவெவ குளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் யான் ஓயாவின் மேற்பகுதியில் ஆய்வாளர்கள் பார்த்தது இது: ஓயாவில் நீர்மட்டம் இறங்கும்போதுதான் குட்டைகள் தோன்றிக் குடம்பிகள் பெருகுகின்றன. மேலிருந்து திறந்துவிடும் தண்ணீரை, ஓட்டம் அற்றுப்போகாத அளவுக்கு நேரம் பார்த்துத் திறந்தால் நுளம்பின் பெருக்கம் குறைகிறது. மருந்து இல்லை, புதுச் செலவும் பெரிதாக இல்லை, மதகைத் திறக்கும் நாளை நீர்ப்பாசனக்காரரும் சுகாதாரக்காரரும் சேர்ந்து முடிவு செய்தால் போதும். எலஹெரவில் மாணிக்கக்கல் குழிகளில் பைரிப்ரொக்சிஃபென் என்ற மருந்தை லீட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற நுண்ணிய அளவில் போட்டுச் சோதித்தார்கள். அது குடம்பியை உடனே கொல்லாது, முழு நுளம்பாக வெளிவர விடாது. மாதக்கணக்கில் வேலை செய்தது, அந்தக் கிராமங்களில் நோயும் குறைந்தது. கதிர்காமப் பகுதியில் செய்த ஆய்வு ஒன்று மண்சுவரும் கிடுகுக் கூரையுமான வீடுகளில் இருப்பவர்களுக்கு, நன்றாகக் கட்டிய வீட்டுக்காரர்களைவிட மலேரியா வரும் அபாயம் சுமார் 2.5 மடங்கு என்று காட்டியது. நல்ல வீடு கட்டிக் கொடுப்பதும் மலேரியா ஒழிப்புத்தான் என்று சொல்ல இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை.

1999இல் நோயாளிகள் 2,64,549. பெரும் சுமை வடக்கிலும் கிழக்கிலும் இருந்தது. போர் நடந்த மாவட்டங்கள், இடம்பெயர்ந்து மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழும் இருந்த மக்கள், மருந்துக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னாரில் மலேரியா இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருந்த காலம் அது. அங்கே நடந்ததைச் சொல்லாமல் இலங்கையின் வெற்றியைச் சொல்வது அரைக் கதை. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதியிலும் அரச சுகாதார ஊழியர்கள் வேலையில் இருந்தார்கள். மருந்தும் வலையும் இரு பக்கத்தாலும் அனுமதிக்கப்பட்டு உள்ளே போயின. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலகளாவிய நிதியத்தின் உதவியோடு சர்வோதயம் நீடித்த மருந்தூட்டிய வலைகளைக் கொண்டுபோனது. 2009க்குப் பிறகு டெட்ஹா என்ற அரசுசாரா நிறுவனம் வடக்குக் கிழக்கில் இரத்தப் பரிசோதனை நிலையங்களை நடத்தி, ஆளில்லாத இடத்தை நிரப்பியது. 2009இல் ஏறத்தாழ 3 லட்சம் பேர் வவுனியா முகாம்களில் அடைபட்டிருந்தபோது மலேரியா பெரிதாக வெடிக்காமல் போனதற்கு அங்கே நடந்த இரத்தப் பரிசோதனையும் வலையும் மருந்தடிப்பும் முக்கிய காரணங்கள்.

எண்ணிக்கை 2004இல் 4,000க்குக் கீழே வந்தது. 2007இல் 198.

இந்த இடத்தில்தான் 1963ஐத் திரும்பப் பார்க்க வேண்டும். இந்த முறை எண்ணிக்கை விழ விழக் கண்காணிப்பைக் கூட்டினார்கள். வருடத்துக்கு ஏறத்தாழ 10 லட்சம் இரத்தத் தகடுகள் பார்த்தார்கள், நோயாளிகள் நூற்றுக்கணக்கில் இறங்கிய பிறகும் அதை விடவில்லை. வைத்தியசாலைக்கு வருகிறவருக்குக் காத்திராமல், நடமாடும் அணிகள் மாணிக்கக்கல் குழி, சேனை, மீனவர் வாடி, படை முகாம் என்று போய்க் காய்ச்சல்காரரைத் தேடின.

ஒரு தகடு எப்படிப் போகிறது என்று பார்த்தால் ஏன் இது கடினமான வேலை என்பது விளங்கும். விரல் நுனியைக் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, ஒரே தகட்டில் ஒரு தடித்த பூச்சும் ஒரு மெல்லிய பூச்சும் போடுவார்கள். தடித்ததில் இரத்தம் அதிகம், அதனால் கிருமி இருந்தால் அகப்படும். மெல்லியதில் அது எந்த வகைக் கிருமி என்று தெரியும். மெல்லிய பூச்சை மெத்தனோலில் நிலைப்படுத்த வேண்டும், தடித்ததில் மெத்தனோலின் ஆவிகூடப் படக் கூடாது. பட்டால் செங்குருதிக்கலங்கள் கரையாமல் நின்று கிருமியை மறைத்துவிடும். 10 சதவீத ஜீம்சாச் சாயத்தில் 10 நிமிடம், அல்லது 3 சதவீதத்தில் 45 நிமிடம். சாயம் கரைக்கும் நீரின் கார அமிலத்தன்மை 7.2 இல்லாவிட்டால் விவாக்ஸை அடையாளம் காட்டும் புள்ளிகள் தெரியாது. எண்ணெய் விட்டு நூறு மடங்கு வில்லையில் குறைந்தது 100 பார்வைப் புலங்கள் பார்த்த பிறகே இல்லை என்று எழுதலாம். தகட்டில் விரல் எண்ணெய் இருந்தால் பூச்சு உரிந்துபோகும், காய வைத்த இடத்தில் எறும்பு வந்தால் பூச்சையே தின்றுவிடும். பார்த்து முடித்த தகடுகளில் ஒரு பங்கு மேலிடத்துக்குப் போய் மறுபடி பார்க்கப்படும். சில நிமிடத்தில் கோடு காட்டும் துரிதப் பரிசோதனைப் பட்டைகள் தூரத்து இடங்களுக்கு உதவின. ஆனால் கிருமி குறைவாக உள்ள விவாக்ஸை அவை தவறவிடலாம், ஃபால்சிபாரம் குணமான பிறகும் சில பட்டைகள் வாரக்கணக்கில் நோய் காட்டும். நுண்நோக்கியைக் கைவிடாததற்கு இதுதான் காரணம்.

நோய் உறுதியானால் 24 மணி நேரத்துக்குள் அரசின் மலேரியா தடுப்பு இயக்கத்துக்குத் தகவல் போக வேண்டும். நோயாளி கடந்த வாரங்களில் எங்கெல்லாம் இரவு தங்கினார் என்று கேட்பார்கள். வீட்டைச் சுற்றிச் சுமார் ஒரு கிலோமீட்டரில் உள்ளவர்களின் இரத்தம் எடுப்பார்கள், காய்ச்சல் இல்லாதவர்களிடமும். பூச்சியியல் அணி வந்து நுளம்பும் குடம்பியும் இருக்கின்றனவா என்று தேடும், இருந்தால் அந்த வீடுகளுக்கு மருந்தடிக்கும்.

விவாக்ஸ் சிகிச்சை: குளோரோகுயின் 3 நாள், உடல் எடை கிலோவுக்கு 10, 10, 5 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 600, 600, 300. அதோடு ஈரலில் பதுங்கியிருப்பதைக் கொல்லப் பிரிமாகுயின் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், அதாவது நாளுக்கு 15 மில்லிகிராம், 14 நாள். காய்ச்சல் 3 நாளில் நின்றுவிடும், மிச்சம் 11 நாள் மாத்திரையை யாரும் கேட்டு விழுங்க மாட்டார்கள். அதனால் ஆளைப் போய்ப் பார்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்குப் பிரிமாகுயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பதால் அதையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது. ஃபால்சிபாரத்துக்கு 2008 முதல் ஆர்ட்டிமெதர், லுமெஃபன்ட்ரின் சேர்ந்த மாத்திரை. ஃபால்சிபாரம் நோயாளியை 28 நாளும், விவாக்ஸ் நோயாளியை ஒரு வருடமும் இடைவெளி விட்டு இரத்தம் எடுத்துப் பின்தொடர்ந்தார்கள். 1960களில் இல்லாமல் போனது இந்தப் பின்தொடர்தல்தான்.

2008க்குப் பிறகு எஞ்சிய நோயாளிகளில் பெரும்பாலோர் வயதுவந்த ஆண்கள், அதிலும் காட்டில் நிலைகொண்டிருந்த படையினர். எண்ணிக்கை 2008இல் 670 ஆக ஏறியிருந்தது. விடுமுறையில் ஊருக்குப் போகும் படையினர் கிருமியை மலேரியா இல்லாத மாவட்டத்துக்குக் கொண்டுபோக வாய்ப்பிருந்ததால், படை மருத்துவப் பிரிவோடு சேர்ந்து முகாம்களிலேயே பரிசோதனை நடந்தது. 2011இல் உள்நாட்டுத் தொற்று 124. 2012இல் 23. அந்த வருடம் ஒக்டோபரில் பதிவானவர்தான் இலங்கைக்குள்ளேயே சுற்றிவந்த தொற்றின் கடைசி நோயாளி. விவாக்ஸை ஒழிக்க வைத்திருந்த இலக்கு வருடம் 2014, அதற்கு முன்பே முடித்துவிட்டார்கள்.

சான்றிதழுக்குத் தொடர்ந்து 3 வருடம் உள்ளூர்த் தொற்று இல்லை என்று நிறுவ வேண்டும். நோயாளி இல்லையென்று எழுதிக் கொடுத்தால் ஒப்ப மாட்டார்கள், இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்போம் என்பதைத் தகடுகளையும் பதிவேடுகளையும் காட்டி நிரூபிக்க வேண்டும். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி சான்றிதழ் வந்தது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் மாலைதீவுக்கு அடுத்தது இலங்கை.

நோய் போனாலும் நுளம்பு போகவில்லை. கியூலிசிஃபேசிஸ் இன்றைக்கும் அதே ஆற்றுக் குட்டைகளில் இருக்கிறது. வருடத்துக்கு ஏறத்தாழ 50 பேர் இந்தியாவிலிருந்தும் ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் மலேரியாவோடு வந்து இறங்குகிறார்கள். 2018 டிசம்பரில் மொனராகலை மாவட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு விவாக்ஸ் தொற்றியது. வந்தவரிடமிருந்து நேராகத் தொற்றிய இந்த வகையால் சான்றிதழ் போகாது, சங்கிலி தொடர்ந்து நீண்டால்தான் போகும். அங்கே நீளவில்லை, ஏனெனில் மேலே சொன்ன வேலைகளெல்லாம் உடனே நடந்தன.

இதைவிட எனக்குக் கவலை தருவது 2016 இறுதியில் மன்னார்த் தீவில் அகப்பட்ட அனோபிலிஸ் ஸ்டீபென்சி. சென்னையில் மலேரியாவைப் பரப்புவது இதே நுளம்புதான். ஆற்றுக் குட்டை இதற்குத் தேவையில்லை, கிணறும் சீமெந்துத் தொட்டியும் மேல்நிலைத் தாங்கியும் போதும். பிறகு யாழ்ப்பாணத்திலும் அகப்பட்டது, அங்கே பல பூச்சிமருந்துகளுக்கு எதிர்ப்பும் காட்டியது. முற்றத்தில் கிணறு உள்ள நம் ஊர்களில் இது வேர்விட்டால், இத்தனை வருடம் கிராமத்து நோயாக இருந்தது நகரத்து நோயாகலாம். மன்னார், யாழ்ப்பாணத்துக்காரர்கள் செய்ய வேண்டியது: பாவிக்கும் கிணற்றில் கப்பி போன்ற சிறு மீன்களை விடுவது, பாவிக்காத கிணற்றை நுண்ணிய வலையால் இடைவெளியின்றி மூடுவது அல்லது தூர்ப்பது, தாங்கியின் மூடியும் வழிவுக் குழாயும் நுளம்பு புகாதபடி இருக்கின்றனவா என்று பார்ப்பது, சுகாதாரப் பரிசோதகர் மருந்து போட வந்தால் கிணற்றைக் காட்டுவது.

இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போகிறவர்கள் புறப்படச் சில வாரம் முன்பே மலேரியா தடுப்பு இயக்கத்தின் பிராந்திய அலுவலகத்தில் கேளுங்கள். போகும் நாட்டைப் பொறுத்துத் தடுப்பு மாத்திரை இலவசமாகத் தருவார்கள். மெஃப்ளோகுயின் என்றால் 2 முதல் 3 வாரம் முன்பே தொடங்கி, வாரம் ஒன்றாக, திரும்பி வந்து 4 வாரம் வரை விடாமல் போட வேண்டும். வந்தபின் ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால் போய் வந்த நாட்டின் பெயரை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இப்போது காய்ச்சல் என்றாலே டெங்கு என்றுதான் பார்ப்பார்கள், இளம் வைத்தியர்கள் பலர் மலேரியா நோயாளியையே கண்டதில்லை. முதல் இரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு தடவை எடுக்கச் சொல்லுங்கள். ஃபால்சிபாரம் ஓரிரு நாள் தாமதத்திலும் மூளையைத் தாக்கும்.